காருகுறிச்சியார் இயற்றியது என்ன?

மேலநீலிதநல்லூரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இசையோடு பெயர் ஒட்டிய ஓர் ஊர் இருக்கிறது. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம், காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். அவரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரின் ஊற்றுமலை கூப்பிடு தூரம். ரெட்டியார் பாடிய முருகன் வீற்றிருக்கும் கழுகுமலை இன்னொரு பக்கம். கிழக்கே போனால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் அங்கேதான் உயிர்விட்டார். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அந்தச் சமஸ்தானத்து அச்சகத்தில்தான் அச்சேறியது. அதற்கும் அப்பால், சொல்லே இல்லாமல் மணிக்கணக்கில் ராகம் மட்டும் பாடிய நல்லப்ப சுவாமிகளின் விளாத்திகுளம். வானம் பார்த்த கரிசல், பருத்தியும் கம்பும் விளையும் மானாவாரி, பல வருஷம் குடிக்கவே தண்ணீர் தேட வேண்டிய நிலம். இசை வரலாறு எழுதுகிறவர்கள் காவிரிக் கரையிலேயே நின்றுவிடுவதால் இந்த ஊர்களைச் சேர்த்து ஒரு வரிசையாகப் பார்க்கும் வழக்கம் நமக்கு வரவில்லை. வரிசையாகப் பார்க்கிற சிலரும் ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள். எழுதி வைத்துவிட்டுப் போன ரெட்டியாரையும் தீட்சிதரையும் ‘இயற்றியவர்’ என்று ஒரு பக்கம் வைக்கிறார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-ல் தன் 43-ஆவது வயதில் மறைந்த நாதஸ்வரக்காரர் காருகுறிச்சி அருணாசலத்தை ‘வாசித்தவர்’ என்று இன்னொரு பக்கம் வைக்கிறார்கள். இந்தப் பிரிவினை தவறு என்பதுதான் என் வாதம். காற்றுக் கருவிக்கு இசை இயற்றியவர் என்று இந்தக் கரிசல் பூமி யாரையாவது காட்ட வேண்டுமென்றால், முதலில் காட்ட வேண்டியது காருகுறிச்சியாரைத்தான்.

இயற்றுதல் என்றால் தாளில் எழுதுதல் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. பிரிட்டனில் காற்றுக் கருவிக் குழுக்களுக்கு இசை எழுதுவது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. டிராம்போன் வாசித்துப் பிழைத்த குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-ல் ராணுவ பேண்டுக்கென்று எழுதிய முதல் ‘சூட்’, அந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. நம் காலத்தவரான பிலிப் ஸ்பார்க் 1951-ல் லண்டனில் பிறந்தார். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் இயற்றுதலும் பியானோவும் டிரம்பெட்டும் படித்தார். வேல்ஸ் நாட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்கில் தோன்றிய கோரி பேண்டின் நூற்றாண்டுக்காக 1984-ல் ‘இயர் ஆஃப் தி டிராகன்’ எழுதினார். பின்னால் தன் படைப்புகளை வெளியிடத் தனிப் பதிப்பகமே தொடங்கினார். அந்த நாட்டுத் தொழில் ஒழுங்கு தெளிவானது. ஒருவர் எழுதுகிறார், அச்சாகிறது, சுரங்கத் தொழிலாளியும் பள்ளி மாணவனும் அதைப் பார்த்து ஊதுகிறார்கள். எழுதியவர் ஊத வேண்டியதில்லை, ஊதுகிறவர் எழுத வேண்டியதில்லை. அந்த நாட்டு பேண்டு இசை நமக்குப் புதிதும் அல்ல. சென்னைக் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்து பேண்டுகள் ஊதிய மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று நாம் சொல்வது அதைத்தான். பிரிட்டிஷ் அரச வாழ்த்து மெட்டுக்குக்கூட அவருடைய சாகித்தியம் உண்டு. எட்டயபுரத்தில் அடங்கிய அந்தப் பெரியவர் பேண்டு மெட்டை எடுத்துக்கொண்டார். பேண்டின் தொழில்முறையை, அதாவது எழுதுகிறவன் வேறு ஊதுகிறவன் வேறு என்பதை, நம் நாயனக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் அறியாமை அல்ல. அவர்களுடைய வேலையின் அமைப்பு அப்படி.

அந்த வேலை எப்படிப்பட்டது? கோயிலில் சுவாமி புறப்படும்போது மல்லாரி. பெரும்பாலும் கம்பீர நாட்டையில், சொல் இல்லாமல், மூன்று காலத்தில் ஊதுவது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. இவையெல்லாம் கட்டுக்கோப்பாக அமைந்த உருப்படிகள்தான், ஆனால் பழைய மல்லாரிகளில் முத்திரை வைத்துப் பெயர் பதித்தவர் இல்லை. புறப்பாடு நாலு வீதியைச் சுற்றி வர ஓர் இரவு ஆகும். அந்த இரவை நிரப்புவது கீர்த்தனை அல்ல, ராகம். ஒரு வீதிமுனையில் தொடங்கிய ராகம் அடுத்த முனை வரும்வரை நீள வேண்டும். நடக்கிறவர், தீவட்டி பிடிக்கிறவர், திண்ணையில் காத்திருக்கிறவர் எல்லாருக்கும் அது ஒட்ட வேண்டும். சொல்லின் துணையில்லாமல் இவ்வளவு பெரிய கால அளவைக் கட்டி எழுப்புவதை வேறெந்தப் பெயரால் அழைப்பது? நம் மரபில் இயற்றுகிறவருக்கு வாக்கேயக்காரர் என்று பெயர். வாக்கும் கேயமும், அதாவது சொல்லும் இசையும், இரண்டையும் செய்கிறவர். அந்தச் சொல்லுக்குள்ளேயே நாயனக்காரர்களை வெளியே நிறுத்தும் வேலி இருக்கிறது. அவர்களிடம் இருப்பது வாக்கு இல்லாத கேயம். சாகித்தியம் எழுதத் தெரிந்தவர்கள் வைத்த இலக்கணத்தில் அது இடம்பெறாமல் போனதில் வியப்பில்லை. அதை இன்றுவரை நாமும் கேள்வி கேட்காமல் சுமப்பதுதான் வருத்தம் தருகிறது.

அருணாசலம் 1921-ல் தாமிரபரணிப் பாசனத்து ஊரான காருகுறிச்சியில் பிறந்தார். நாயனம் கற்றதோடு களக்காட்டில் வாய்ப்பாட்டும் கற்றார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், பின்னால் வருகிறேன். பிறகு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பார்வையில் பட்டு, அவருக்கு இரண்டாம் நாயனமாகப் பல வருஷம் உடன் வாசித்தார். பிள்ளைவாள் எப்படிப்பட்டவர் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேளக்காரர் சட்டை போடக் கூடாது, மேடை ஏறக் கூடாது என்றிருந்த காலத்தில் கிராப்பும் கோட்டுமாக வந்து உட்கார்ந்து வாசித்தவர். கூர்மையான திமிரி நாயனத்தை விட்டு, நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்தை நிலைநாட்டியவர். 1956-ல் அவர் மறைந்தபோது அருணாசலத்துக்கு வயது 35. அதற்குப் பிறகு கிடைத்தது எட்டே வருஷம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற பெரிய தவில்காரர்கள் அவருக்கு வாசித்திருக்கிறார்கள். 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில், எஸ்.ஜானகி குரலோடு ஆபேரியில் அவர் ஊதிய ‘சிங்கார வேலனே தேவா’ ஒலிபெருக்கி எட்டிய ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார்.

கருவியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். ஆச்சா மரத்தைக் கடைந்த உலவு. கீழே அணசு. மேலே கெண்டை, அதில் செருகிய சீவாளி. சீவாளி என்பது நாணலைப் பதப்படுத்தி மடித்துக் கட்டிய இரண்டு இதழ், விரல் நகம் அளவுதான் இருக்கும். ஊதுகிறவர் நாலைந்து சீவாளியைக் கயிற்றில் கோத்து நாயனத்திலேயே தொங்கவிட்டிருப்பார். ஒன்றை எடுத்து உதட்டில் நனைப்பார், ஊசியால் இதழைச் சற்று விரிப்பார், ஒரு ஊது ஊதிப் பார்ப்பார், சரியில்லை என்றால் அடுத்ததை எடுப்பார். விரல் வைக்கும் துளை ஏழு. அதற்குக் கீழே விரல் படாத துளைகள், சுருதி சேரும்வரை மெழுகு வைத்து அடைப்பதற்கு. கிளாரினெட்டில் உள்ளதுபோல் சாவி எதுவும் கிடையாது. ஒரே துளையைக் கால், அரை, முக்கால் என்று விரலால் திறந்தும், உதட்டைச் சீவாளியில் அழுத்தியும் தளர்த்தியும்தான் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள அத்தனை அசைவும் பிறக்க வேண்டும். சுப்பராம தீட்சிதர் தன் நூலில் கமகங்களுக்கென்று தனித்தனிக் குறிகள் அமைத்தார். நம் இசையில் அதைவிடக் கவனமாகச் செய்யப்பட்ட எழுத்து முயற்சி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் குறிகளாலும் சீவாளியில் உதடு செய்வதைப் பிடித்து வைக்க முடியாது. எழுதுவதற்கு ஆள் இல்லாததால் எழுதாமல் போன இசை என்று இதைச் சொல்லக் கூடாது. இதன் உயிர் இருக்கும் இடத்துக்கு எழுத்து எட்டவில்லை. அந்த இடத்தில்தான் காருகுறிச்சியார் தன் வேலையைச் செய்தார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டி வெளிவிடும் துத்துகாரத்தைத் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூச்சை அறுக்காமல் இழைத்து இழைத்துப் போவது அவர் வழி. தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு கருவியை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பாடுவதைப்போல் ஆக்கினார். களக்காட்டு வாய்ப்பாட்டுப் பயிற்சி அங்கே பேசுகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ராக ஆலாபனை மனோதர்மம், அப்போதைக்கு அப்போது பிறந்து மறைவது. முன்பே கட்டி வைத்த கல்பிதம்தான் இயற்றியது, மனோதர்மத்தையும் இயற்றியது என்று சொன்னால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அழிந்துவிடும் என்பார்கள். வேறுபாடு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. தேர்ந்த நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுக்கும்போது எங்கே தொடங்குவது, எந்த ஸ்வரத்தில் நிற்பது, மேல் ஸ்தாயிக்கு எப்போது ஏறுவது, விரலடியை எங்கே அவிழ்ப்பது என்பதெல்லாம் பல வருஷமாக வடித்து வைத்த திட்டம். அன்றைக்குக் கூடுவதும் குறைவதும் அந்தத் திட்டத்துக்குள்தான். மறைந்துவிடுகிறது என்பதும் காருகுறிச்சியார் விஷயத்தில் உண்மையல்ல, ஏனென்றால் அவர் ஒலிப்பதிவுக் காலத்து மனிதர். ‘சிங்கார வேலனே’யையே எடுத்துக்கொள்வோம். மெட்டும் பாட்டின் அமைப்பும் சுப்பையா நாயுடுவுடையவை, அதில் சந்தேகமில்லை. தொடக்கத்து ஆலாபனையிலும் கடைசியில் குரலும் நாயனமும் மாறி மாறிக் கோத்துக்கொண்டு போகும் ஸ்வரங்களிலும் நாயனம் பேசுகிற மொழி காருகுறிச்சியாருடையது. அவருக்குப் பிறகு கல்யாண வீட்டிலும் கோயிலிலும் அந்தப் பாட்டை ஊதுகிறவர்கள், ஆபேரியில் தங்கள் சொந்தக் கற்பனையைப் போட்டு நிரப்புவதில்லை. அவர் ஊதிய பிடிகளைத்தான் ஊதுகிறார்கள். ஒரு பிடி மாறினால் கேட்கிற ஜனங்களே முகம் சுளிப்பார்கள். ஒருவர் மூச்சில் பிறந்த ஒன்று மற்றவர்களுக்குப் பாடமாகிவிட்டது என்றால், மாற்றக் கூடாத வடிவத்தை அடைந்துவிட்டது என்றால், அது உருப்படி ஆகிவிட்டது. ஹோல்ஸ்ட் தாளில் எழுதியதைப் பார்த்து ஊதுகிறார்கள். காருகுறிச்சியார் காற்றில் எழுதியதைக் கேட்டு ஊதுகிறார்கள். வேறுபாடு கண்ணுக்கும் காதுக்கும் உள்ளதுதான்.

இரண்டாவது மறுப்பு வித்வான்களிடமிருந்து வரும். அவர் வாசித்தது ராஜரத்தினம் பிள்ளையின் பாணி, குருநாதர் போட்ட பாதையில் நடந்தவரை இயற்றியவர் என்பது மிகை என்பார்கள். பாரி நாயனமும் நீண்ட ராக விஸ்தாரமும் பிள்ளைவாள் கொடுத்த சொத்து என்பதைக் காருகுறிச்சியார் ரசிகர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒரே வீட்டில் பிறந்த இரண்டு குரல்போல் இருவர் பதிவுகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. பிள்ளைவாளின் தோடி மலைச்சரிவில் வெள்ளம் இறங்குவதுபோல் வரும், எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. காருகுறிச்சியாரின் ராகம் கண்மாய் நிறைவதுபோல், விளிம்பு தெரியத் தெரிய ஏறும். இந்த வேறுபாட்டுக்குக் கரிசலில் ஒரு காரணம் உண்டு. விளாத்திகுளம் சுவாமிகள் கீர்த்தனைகளைப் பாடிப் பேர் வாங்கியவர் அல்ல. ராகத்தை மட்டும் எடுத்து, அதன் மூலை முடுக்கெல்லாம் போய்வந்தவர். அவரிடம் காருகுறிச்சியாருக்கு இருந்த ஈடுபாட்டை இடைசெவல் கி.ராஜநாராயணன் போன்றவர்கள் வழி நாம் அறிகிறோம். சொல்லை நம்பாமல் ராகத்தையே முழு உருவமாகக் கட்டுவது என்பது ஒரு நாயனக்காரருக்கு எவ்வளவு பெரிய பாடம்! குருவிடம் பெற்ற கருவியும் விஸ்தாரமும் ஒரு கையில், சுவாமிகளிடம் கேட்ட சொல்லற்ற ராகக் கட்டு மறு கையில். இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்றைச் செய்வதுதானே இயற்றுதல்? கீர்த்தனை எழுதியவர்களும் முன்னோர் மெட்டிலிருந்தும் ராக லட்சணத்திலிருந்தும்தான் எடுத்தார்கள், பேண்டு மெட்டை எடுத்த தீட்சிதர் உட்பட.

மூன்றாவது மறுப்பு நிலத்தைப் பற்றியது. நாதஸ்வரம் தஞ்சாவூர்க் கலை, நரசிங்கம்பேட்டையில் கடைந்து காவிரிக்கரை நாணலில் ஊதுவது, அதைக் கரிசலின் இசை என்று எப்படிச் சொல்லலாம் என்பார்கள். கருவி அங்கிருந்து வந்திருக்கலாம், கேட்கிற காது இங்கே வளர்ந்தது. தெற்குச் சீமையில் ஊருக்கு ஊர் அம்மன் கொடை. தலைக்கட்டு வரி போட்டுக் காசு சேர்த்து மேளம் பேசுவார்கள். கரகத்துக்கும் காவடிக்கும் நையாண்டி மேளம். அதிலும் இரண்டு நாயனம், இரண்டு தவில், கூடவே பம்பையும் தாளமும். கச்சேரி வாசிக்கிற மேளத்துக்கு இங்கே ராஜமேளம் என்று பேர். ஒரே ஊர் ஜனங்கள் ஒரே திருவிழாவில் இரண்டையும் கேட்டுப் பழகியவர்கள். காவடிச்சிந்தின் துள்ளலைக் காலில் வைத்திருப்பவர்கள், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு நடந்து போய் விடிய விடிய நின்று கேட்கிறவர்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஊற்றுமலை, எட்டயபுரம் போன்ற அரண்மனைகளின் ஆதரவு வற்றியபோது, மேளத்துக்குக் காசு கொடுக்கிற பொறுப்பு வரி கொடுக்கிற குடும்பங்களிடமும் பருத்தி, தீப்பெட்டித் தொழில்களில் கையூன்றிய வியாபாரிகளிடமும் வந்தது. காருகுறிச்சியாரின் உச்ச காலம் சரியாக இந்த மாற்றத்தின் மேல் விழுகிறது. அவர் ஆற்றுப் பாசன ஊரை விட்டு, மதுரை–திருநெல்வேலி ரயில் பாதையில் இருக்கும் கோவில்பட்டியில் குடியேறியதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். புது ஆதரவாளர்கள் இருந்த இடத்துக்கு, எல்லாத் திசைக்கும் போக வசதியான இடத்துக்கு அவர் வந்தார். ஒரு ஜமீன்தாரின் ரசனைக்கு வாசிப்பது வேறு. ராகத்தின் பெயர் தெரியாத, ஆனால் அது சரியாக நிற்கிறதா என்று தெரிந்த ஆயிரம் பேருக்கு வாசிப்பது வேறு. அவருடைய ராகத்தில் தெரியும் தெளிவு, ஏறும் படி ஒவ்வொன்றையும் கேட்பவர் கண்ணுக்குக் காட்டிவிட்டு ஏறும் நிதானம், இந்த இரண்டாவது கூட்டத்துக்கென்று ஆனது. வேல்ஸ் பள்ளத்தாக்கின் நிலக்கரித் தொழிலாளர் இல்லாமல் கோரி பேண்டு இல்லை, அதற்கு எழுதிய ஸ்பார்க்கின் இசையும் இல்லை. கரிசல் கொடைகளும் கல்யாணங்களும் இல்லாமல் காருகுறிச்சியாரின் கல்யாணியோ சண்முகப்பிரியாவோ நாம் அறிந்த உருவில் இல்லை.

அப்படியானால் ஊதுகிற எல்லாரும் இயற்றியவர்களா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். அப்படிச் சொன்னால் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். பிறர் பிடியைத் தெளிவாக ஊதுவதும் மரியாதைக்குரிய தொழில்தான். கோயில் அதில்தான் நடக்கிறது, எத்தனையோ குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது. ஒருவர் ஊதியதை அடுத்த தலைமுறை அவர் பெயரைச் சொல்லித் திரும்ப ஊதுகிறதா, அதிலிருந்து கற்கிறதா, அதை மாற்றத் தயங்குகிறதா? என் அளவுகோல் இதுதான். இந்த அளவுகோலில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தேறும், காருகுறிச்சியாரின் ஆபேரி தேறும். வேறு சிலவும் தேறும், ஆனால் நிறையத் தேறாது. அண்ணாமலை ரெட்டியார் 1891-ல் மிக இளம் வயதிலேயே மறைந்தும் அவர் பெயர் நிற்பதற்குக் காரணம் சிந்துகள் அச்சில் இருப்பது. காருகுறிச்சியாரின் படைப்பு ஒலித்தட்டிலும் வானொலிப் பதிவிலும் ஊதுகிறவர்களின் விரலிலும் இருக்கிறது. அதற்கேற்ற காரியங்களை நாம் இன்னும் செய்யவில்லை. நாதஸ்வரம் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பாடமாக இருப்பவை பெரும்பாலும் பாடகர்களுக்கென்று எழுதப்பட்ட கீர்த்தனைகள். அவற்றோடு சமமாக, இன்ன ராகத்தில் இன்னார் ஊதிய ஆலாபனை என்று பெயர் சொல்லி, பதிவைக் கேட்டுப் பிடி பிடியாகக் கற்பிக்கும் பாடம் வேண்டும். கல்யாண மண்டபங்களில் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் நாயனம், மற்ற நேரத்துக்குச் செண்டை மேளமும் ஒலிபெருக்கியும் என்று ஆகிவிட்ட காலத்தில், இந்தக் கற்பித்தல் ஆடம்பரம் என்று தோன்றலாம். எனக்கு அது அவசரம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் கேட்டுப் பிடிக்கத் தெரிந்த விரல்கள் இருக்கும்வரைதான் அந்தப் பதிவுகளை வாசிக்க ஆள் இருப்பார்கள்.

கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அவருடைய ஆபேரி இன்னும் உயிரோடு இருப்பது கொடை நடக்கும் தெருக்களில். கரகம் இறங்கியபின் நையாண்டி மேளத்து நாயனக்காரரைச் சுற்றி நிற்கிறவர்கள் அந்தப் பாட்டைக் கேட்பார்கள். பம்பை ஓயும். அவர் சீவாளியை மாற்றி, உதட்டில் நனைத்து, தொடக்கத்து ஆலாபனையைக் காருகுறிச்சியார் எடுத்த அதே இடத்தில் எடுப்பார்.